படலையைப் பூட்டினியளோ? (வாசகர் கேள்வி பதில்)

போன மாதம் பழைய கொம்பியூட்டரை லினக்ஸ் ரவுட்டரா மாத்துறதைப் பற்றி ரெண்டு பந்தி எழுதினதுக்கு இவ்வளவு கடிதம் வருமெண்டு நான் நினைக்கேல்லை. முக்கால்வாசி ஃபயர்வோல், அதாவது நெற்றில வாறது போறதை மறிக்கிற காவல், பற்றித்தான், ஒண்டில் "ஃபயர்வோல் போட்டவுடன நெற் நிண்டிட்டுது", இல்லாட்டி "ஃபயர்வோல் போட்டன், அது ஒண்டையும் மறிக்குதில்லை". அதால இந்த முறை முழுப் பக்கமும் அதுக்குத்தான். கொமாண்டுகளை எழுத்துக்கு எழுத்து போடேல்லை, போன முறை அச்சில ஒரு சின்னக் கோடு விடுபட்டு, அதைப் பாத்து அடிச்ச ரெண்டு பேர் என்னைப் பேசின பேச்சு இன்னும் காதுக்குள்ள நிக்குது. விசயத்தைச் சொல்லுறன், கொமாண்டை மான் பேஜில (லினக்ஸோடயே வாற கைநூல்) பாத்து எழுதுங்கோ. கொமாண்டெண்டு நான் சொல்லுறது கூடுதலா ஐபிடேபிள்ஸ், லினக்ஸில ஃபயர்வோல் ரூல் எழுதுற கருவி.

கேள்வி: அண்ணை, பழைய டெஸ்க்டொப்பில டெபியன் லினக்ஸ் போட்டு, கஸ்தூரியார் வீதியில ரெண்டாவது நெற்வேர்க் கார்ட் ஒண்டும் வாங்கிப் பூட்டி, ஃபைபர் பெட்டியை பிரிட்ஜில (தான் ரவுட்டர் வேலை செய்யாமல் கடத்தி மட்டும் விடுற மாதிரி) விட்டு பிபிபிஓஈ (பேர், பாஸ்வேர்ட் குடுத்து கொம்பனியோட இணையிற முறை) டயல் பண்ணி நெற் வந்திட்டுது. பிறகு ரூமில இருந்து லப்டொப்பால எஸ்எஸ்ஏச்சில (தூர இருந்து கொமாண்ட் அடிக்கிற வழி) போய் இன்புட் பொலிசியை டிறொப் (வாறதை எறி) எண்டு குடுத்து என்ரர் தட்டினதுதான், ஸ்கிரீன் அப்பிடியே உறைஞ்சு போச்சு. மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டித்தான் சரிப்பண்ணினனான். எதை முதல் எழுதவேணும், எதைப் பிறகு எழுதவேணும்?
– கொக்குவிலில இருந்து ஒரு மாணவன்

பதில்: தம்பி, நீர் மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குத்தானே போனனீர், நான் இதே வேலையை யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு காரைநகரில இருக்கிற மாமி வீட்டு ரவுட்டருக்குச் செய்து போட்டு, பொன்னாலைப் பாலம் தாண்டி வெயிலுக்க மோட்டர்சைக்கிளில போய் ஒரு நிமிச வேலை செய்துபோட்டு வந்தனான். மாமி தேத்தண்ணி தந்தவ, ஆனா அண்டு முழுக்க "நாடகம் பாக்கேலாமப் போச்சு" எண்டதைத் தவிர வேற கதை இல்லை.

முதல்ல எது எங்க போகுது எண்டு பாரும். பெட்டிக்குள்ள வாறது போறதை வடிகட்ட மூண்டு செயின், அதாவது ரூல் வரிசை, இருக்கு. இன்புட் எண்டது ரவுட்டரோடயே கதைக்க வாற பக்கெற் (நெற்றில போற தகவல் துண்டு), படலையில நிக்கிற ஆளோட கதைக்க வாறவை மாதிரி. ஃபோர்வேர்ட் எண்டது படலையால உள்ள வளவுக்குப் போறவையும் வளவில இருந்து வெளியில வாறவையும், உம்மட போன், ரீவி, லப்டொப் எல்லாத்தின்ர போக்குவரத்தும் இதாலதான். அவுட்புட் எண்டது ரவுட்டர் தானே வெளியில அனுப்புறது, அதை வீட்டுக்கு இப்போதைக்குத் திறந்தபடியே விடலாம். இந்த இன்புட், ஃபோர்வேர்ட் வித்தியாசத்தை வடிவா மனசில வையும், கீழ வாற கடிதத்தில பாதி இதுக்குள்ளதான் விழுந்தெழும்புது.

ரூல் எல்லாம் மேல இருந்து கீழதான் வாசிக்கும், முதல் பொருந்தினதோட முடிவு, பிறகு கீழ என்ன எழுதியிருந்தாலும் பாக்காது, ஒண்டும் பொருந்தாட்டித்தான் கடைசியில பொலிசி. நீர் செய்த பிழை பொலிசியை முதல் மூடினது. உம்மட எஸ்எஸ்ஏச் இணைப்புக்கு ஒரு ரூலும் இல்லை, அடுத்த பக்கெற் வந்து ஒண்டிலும் பொருந்தாமப் பொலிசிக்குப் போய் டிறொப். அதால இன்புட்டில முதல் வரி எஸ்ராப்ளிஷ்ட், றிலேற்றட் ரெண்டையும் விடுறது, அதாவது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற கதைக்கு வாற மறுமொழியை விடுறது. அடுத்தது இன்வலிட் எண்டு வாறதை டிறொப். பிறகு லூப்பாக், அதை மறந்தால் பெட்டிக்குள்ள ஓடுற புறோகிறாமுகள் தங்களுக்குள்ள கதைக்கேலாம விசர்த்தனமா நிக்கும். பிறகு லான் (வீட்டுப்) பக்கத்துக் கார்டால வாறதுக்கு மட்டும் இந்தப் போர்ட்டுகளை (வாசல் இலக்கங்களை) விடுறது: 22 எஸ்எஸ்ஏச், 53 டிஎன்எஸ் (சைற் பேரை விலாசமா மாத்துறது) யூடிபி ரிசிபி (பக்கெற் அனுப்புற ரெண்டு முறை) ரெண்டும், 67 டிஏச்சிபி (வீட்டுச் சாமானுக்கு விலாசம் குடுக்கிறது) யூடிபி. பிங்கை (பெட்டி இருக்கோ எண்டு தட்டிப் பாக்கிறதை) விடுறது நல்லம், கனபேர் அதை மூடினால் பாதுகாப்பெண்டு நினைக்கினம், பிழை பிடிக்கிற நேரம்தான் அதின்ர அருமை தெரியும். இவ்வளவும் எழுதி முடிஞ்ச பிறகுதான் பொலிசியை டிறொப்புக்கு மாத்துறது.

ஃபோர்வேர்டில இன்னும் லேசு. எஸ்ராப்ளிஷ்ட் றிலேற்றட் விடு, லானில இருந்து வெளியில போறதை விடு, பொலிசி டிறொப், அவ்வளவுதான். அதோட நாட் ரேபிளில (விலாசம் மாத்துற ரூல் இருக்கிற இடம்) போஸ்ட்றவுட்டிங்கில மஸ்கறேட் ஒரு வரி, வெளியில போற பக்கெற்றில ரவுட்டரின்ர விலாசத்தைப் போடுறதுக்கு, கேர்னலில (லினக்ஸின்ர கருவில) ஐபி ஃபோர்வேர்ட் 1 ஆ இருக்கோணும். இதில ஒரு பொறி இருக்கு. பிபிபிஓஈ டயல் பண்ணினவுடன வெளிப்பக்கம் எண்டது நீர் கேபிள் குத்தின கார்ட் இல்லை, பிபிபி சைபர் எண்டு புதுசா ஒண்டு முளைக்கும். வான் (வெளிப்பக்க) கார்டின்ர பேரைப் போட்டு மஸ்கறேட் எழுதினால் நெற் வராது. அதையும் விட மோசம், அந்தப் பேரைப் போட்டு டிறொப் ரூல் எழுதினால் அது ஒரு பக்கெற்றையும் பிடிக்காது, நீர் பூட்டியாச்செண்டு நினைச்சுக்கொண்டு நித்திரை கொள்ளுவீர். எண்ணிக்கையோட ரூலைப் பாக்கிற ஒப்ஷன் இருக்கு, சிம்பிள் வி. ஒரு ரூலுக்கு நேர பக்கெற் எண்ணிக்கை நாள் முழுக்க சைபரிலயே நிண்டால் அந்த ரூல் சும்மா குந்தியிருக்கெண்டு அர்த்தம்.

இன்னொண்டு, கப்பிட்டல் ஏ போட்டுச் சேர்க்கிற ரூல் கடைசியில போய் நிக்கும். கடைசியில நீர் பொலிசிக்குப் பதிலா எல்லாத்தையும் டிறொப் பண்ணுற வரி ஒண்டு எழுதியிருந்தால், அதுக்குக் கீழ சேர்க்கிற ஒண்டுக்கும் முறை வராது. கப்பிட்டல் ஐ போட்டால் முன்னுக்குப் போகும்.

தூரத்தில இருந்து செய்யிறதெண்டால் ரூலைத் தொட முதல் ஒரு உயிர்க்கயிறு கட்டும். அற் எண்டொரு கொமாண்ட் இருக்கு, "5 நிமிசத்தில பொலிசியை அக்செப்ற் ஆக்கி, பிறகு எல்லாத்தையும் ஃபிளஷ் பண்ணு" எண்டு அதுக்குச் சொல்லிவைச்சிட்டு வேலையைத் தொடங்கும், எல்லாம் சரியெண்டால் அந்த வேலையைக் கான்சல் பண்ணும். அந்த ரெண்டும் அதே ஒழுங்கிலதான். ஃபிளஷ் ரூலைத்தான் அழிக்கும், பொலிசியைத் தொடாது, பொலிசி டிறொப்பில இருக்க ஃபிளஷ் மட்டும் அடிச்சால் இருந்த ஓட்டையும் அடைபட்டு முழுசா வெளியில நிப்பீர். காரைநகரில நான் செய்தது அதுதான்.

கேள்வி: எங்கட வீட்டில 4 கமரா பூட்டியிருக்கு, மகன் ரொறன்ரோவில, அவர்தான் அங்க இருந்து பாக்கிறவர். கமரா பூட்ட வந்த பெடியன் ஏதோ போர்ட் திறந்து விட்டவர். பிறகு மருமகன் லினக்ஸ் பெட்டி ஒண்டு வைச்சுத் தந்து, இன்புட் எல்லாம் டிறொப் மாமி, இனிப் பயமில்லை எண்டவர். ஆனா இப்ப ரெண்டு மாதமா இரவில நெற் ஊருது, பாக்கேஜும் மாத முடிவுக்கு முதலே முடியுது. மருமகனைக் கேட்டால் ஃபயர்வோலில பிழை இல்லை எண்டுறார்.
– சுன்னாகத்தில இருந்து ஒரு அம்மா

பதில்: அம்மா, மருமகன் பொய் சொல்லேல்லை, இன்புட் பூட்டித்தான் இருக்கும். ஆனா கமராப் பெட்டிக்கு வாற ஆக்கள் இன்புட்டுக்கே போறேல்லை. போர்ட் ஃபோர்வேர்ட் எண்டு ஒண்டு எழுதினவுடன, வெளியில இருந்து வாற பக்கெற்றின்ர விலாசத்தை பிறீறவுட்டிங் எண்ட இடத்திலயே கமராப் பெட்டியின்ர விலாசமா மாத்திப்போடும், அதுக்குப் பிறகு அது ரவுட்டருக்கு வந்த பக்கெற் இல்லை, வளவுக்குள்ள போற பக்கெற், அதால ஃபோர்வேர்டுக்குப் போகும். படலையில நிக்கிறவர் "என்னோட ஒருத்தரும் கதைக்கேலாது" எண்டு விறைப்பா நிக்கிறார், அவருக்குப் பக்கத்தால வேலிப் பொட்டுக்குள்ளால ஆக்கள் போய்வருகினம். இதை மருமகனுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ, ஃபோர்வேர்ட் செயினையும் நாட் ரேபிளையும் பாக்கச் சொல்லுங்கோ.

இரவில ஊருறதுக்கு கமராப் பெட்டிதான் காரணமெண்டு இஞ்ச இருந்து சத்தியம் பண்ண மாட்டன், ஆனா என்ட சந்தேகம் முதல்ல அங்கதான் போகும். 2016ல மிறாய் எண்டொரு புழு வந்தது, அது விண்டோஸையும் தேடேல்லை, பாங்கையும் தேடேல்லை. கமரா, டிவிஆர் (கமராப் படத்தைப் பதியிற பெட்டி), வீட்டு ரவுட்டர் இதுகளைத்தான் தேடினது, டெல்நெற் போர்ட்டைத் தட்டி, பெட்டி செய்த கொம்பனி வைச்ச அட்மின், 12345 மாதிரி 60க்கு மேற்பட்ட பேர் பாஸ்வேர்ட் சோடியை ஒவ்வொண்டாப் போட்டுப் பாத்தது, அவ்வளவுதான் அதின்ர கெட்டித்தனம். அதே வருசம் ஒக்ரோபர் 21ம் திகதி அப்பிடிப் பிடிபட்ட பெட்டியள் எல்லாம் சேந்து டைன் எண்ட டிஎன்எஸ் கொம்பனியை அடிச்சதில அமெரிக்காவில ட்விற்றர், நெற்ஃபிளிக்ஸ் எல்லாம் மணித்தியாலக் கணக்கா விழுந்துபோச்சு. பெட்டிச் சொந்தக்காரருக்குக் கடைசிமட்டும் தெரியாது, கமரா தன்ர பாட்டில படம் எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கும், "நெற் கொஞ்சம் ஸ்லோ" எண்டதைத் தவிர.

சுன்னாகத்தில இருக்கிற என்ட வீட்டை ஆர் தேடிவரப் போகினம் எண்டு கேப்பியள். ஒருத்தரும் தேடி வாறேல்லை அம்மா, வீட்டுக்கு வீடு தட்டிக்கொண்டு போகினம். 2013ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர் செட்மாப் எண்டொரு புறோகிறாம் வெளியிட்டவை, ஒரு நல்ல கிகாபிட் இணைப்பு இருந்தால் ஐபிவி4 (பழைய வகை நெற் விலாசம்) உலகம் முழுக்க ஒரு போர்ட்டைத் தட்டிப் பாக்க 45 நிமிசம் காணும். 80ஐ மூடிப்போட்டு 8899ல திறந்து வைச்சிருக்கிறம், ஒருத்தரும் கண்டுபிடிக்கேலாது எண்டு சில பூட்டுற ஆக்கள் சொல்லுவினம், அந்தக் கதையை எடுக்காதேங்கோ.

செய்யவேண்டியது இவ்வளவு. ஃபோர்வேர்ட் பண்ணின போர்ட் எல்லாத்தையும் கழட்டச் சொல்லுங்கோ. பெட்டியில யூபிஎன்பி ஓடுதோ எண்டும் பாக்கவேணும், அது வீட்டுக்குள்ள இருக்கிற எந்தச் சாமானும் ரவுட்டரைக் கேட்டுத் தானே ஓட்டை திறக்கிற ஏற்பாடு, அது ஒன்னில இருந்தால் நீங்கள் பகல் முழுக்க மூடுவியள், டிவிஆர் பின்னேரம் திறக்கும். மகன் பாக்கிறதுக்கு வயர்கார்ட் (திறப்பு உள்ளவை மட்டும் வீட்டு நெற்வேர்க்குக்குள்ள வாற மூடின வழி) போடுங்கோ, அது 2020ல வந்த லினக்ஸ் 5.6ல இருந்து கேர்னலுக்குள்ளயே இருக்கு, வெளிப்பக்கத்துக்கு இன்புட்டில யூடிபி 51820 ஒண்டு மட்டும் திறந்தால் காணும், சரியான திறப்பு இல்லாத ஆள் தட்டினால் அது மறுமொழியே சொல்லாது, வெளியில நிக்கிறவருக்கு அந்தப் போர்ட் திறந்திருக்கெண்டே தெரியாது. மகன்ர போனில அப் ஒண்டு, கியூஆர் கோட்டைக் காட்டினால் சரி.

கமராப் பெட்டிக்கு முதல் ஃபாக்டரி றீசெற் அடிச்சு, பிறகு புது பாஸ்வேர்ட் போட்டு, அதை வெளியில போகவே விடாதேங்கோ. டிவிஆரின்ர ஐபியில இருந்து வெளிப்பக்கம் போறதை டிறொப் எண்டு ஃபோர்வேர்டில ஒரு வரி, லான் வெளியில போகலாமெண்ட வரிக்கு மேல. கீழ போட்டால் வேலை செய்யாது, ஏனெண்டு மேல கொக்குவில் தம்பிக்குச் சொல்லியிருக்கிறன். ஆனா இப்பிடி மூடினால் ஒரு மாதத்தில கமராவின்ர மணிக்கூடு பிந்தத் தொடங்கும், களவு நடந்த நாள் படத்தில வேற நேரம் இருக்கும், பொலிஸில போய் நிண்டு விளக்கேலாது. ரவுட்டரையே நேரம் சொல்லுற சேவரா வைச்சு, டிவிஆருக்கு அதின்ர விலாசத்தைக் குடுத்து, இன்புட்டில லான் பக்கம் யூடிபி 123ஐ விடச் சொல்லுங்கோ.

ஒண்டைப் பாத்திட்டு வயர்கார்டைத் தொடங்கச் சொல்லுங்கோ. ரவுட்டரின்ர வெளி ஐபி 100.64ல இருந்து 100.127க்குள்ள தொடங்கினால் அது உங்களுக்கெண்டு தந்த விலாசம் இல்லை, கொம்பனி கனபேருக்குப் பொதுவா ஒரு விலாசத்தை வைச்சுப் பங்கு போடுது, 4ஜி இணைப்பில இது சாதாரணம். அப்பிடியெண்டால் வெளியில இருந்து ஒண்டும் உங்களிட்ட நேர வராது. அப்ப மாதம் கொஞ்சக் காசுக்கு வெளியில சின்ன சேவர் ஒண்டு எடுத்து, வீட்டுப் பெட்டி அதுக்கு வயர்கார்டில போய்ச் சேர, மகனும் அங்க வந்து சேருற மாதிரித்தான் செய்யவேணும்.

கேள்வி: மகன் ஓஎல் எடுக்கிறான். இரவு 10 மணிக்குப் பிறகு அவன்ர போனுக்கு நெற் போகக்கூடாது, விடிய 5 மணிக்குத்தான் வரோணும் எண்டு ஐபிடேபிள்ஸில ரைம் மொடியூலைப் போட்டு ரூல் எழுதினன், மக் அட்ரஸும் (போனின்ர நெற்வேர்க் அடையாள இலக்கம்) சரி. இரவு நல்லா யூரியூப் ஓடுது, விடியப் படிக்க எழும்பினால் நெற் இல்லை எண்டு அவன் சிரிக்கிறான். பேய்க்கூத்தா இருக்கு.
– உரும்பிராயில இருந்து ஒரு அப்பா

பதில்: ஐயா, ரூல் சரியாத்தான் வேலை செய்யுது, லண்டன் பக்கத்து நேரத்தில. ரைம் மொடியூல் நீங்கள் எழுதுற நேரத்தை யூரிசி (உலகப் பொது நேரம்) எண்டுதான் எடுக்கும், எங்கட நேரம் அதைவிட அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு. நீங்கள் எழுதின 22 மணி எங்களுக்கு விடியப்புறம் மூண்டரை, நீங்கள் எழுதின 5 மணி எங்களுக்குக் காலமை பத்தரை. பெடியன் நாலு மணிக்கு எழும்பினால் நெற் இல்லைத்தானே, அவன் சிரிக்கிறதில பிழையில்லை. 16:30ல இருந்து 23:30 எண்டு மாத்துங்கோ. அதில இன்னொரு வசதி, நள்ளிரவு தாண்டுற கரைச்சலும் இல்லை.

மாத்தினாப் போலயும் 10 மணிக்கு டக்கெண்டு நிக்காது. பத்துக்குக் கால் மணித்தியாலம் இருக்கத் தொடங்கின படம் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனெண்டால் உங்கட ஃபோர்வேர்டின்ர முதல் வரி எஸ்ராப்ளிஷ்டை விடுறது, ஓடுற இணைப்பு அந்த வரியிலயே பாஸ் வாங்கிப் போயிடும், ரைம் ரூலுக்கு முறையே வராது. அதை எஸ்ராப்ளிஷ்டுக்கும் மேல தூக்கி வையுங்கோ. அந்த முதல் வரிக்கு மேல ஒண்டும் வைக்காதேங்கோ எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறனான், இதுக்கு மட்டும் விலக்கு.

பிறகு அன்ரொயிட் 10, ஐஃபோனெண்டால் ஐஓஎஸ் 14ல இருந்து போன் ஒவ்வொரு வைஃபைக்கும் தானே உருவாக்கின மக் அட்ரஸைத்தான் காட்டும். நீங்கள் இப்ப எழுதி வைச்சிருக்கிறது அதுவா, போனின்ர உண்மை மக்கா எண்டு பாருங்கோ, பெடியன் அந்த செற்றிங்கைக் கண்டுபிடிச்சால் ஒரு தட்டில புது ஆளா வருவான். தெரிஞ்ச மக்கை மறிக்கிறதை விட, 10 மணிக்குப் பிறகு உங்கட ரெண்டு போனையும் ரீவியையும் தவிர எல்லாத்தையும் மறிக்கிறது நல்லம். அவனிட்ட சிம் டேட்டா இருந்தால் இதெல்லாம் எழுதி என்னத்துக்கு, அதுக்கு லினக்ஸில மருந்து இல்லை, பக்கத்தில இருந்து கதைக்கத்தான் வேணும்.

கேள்வி: கரண்ட் நிண்டு வந்தால் ரூல் எல்லாம் காணாமப் போகுது. என்எஃப்டேபிள்ஸ் (ஐபிடேபிள்ஸுக்குப் பிறகு வந்த கருவி) கொன்ஃபிக் ஃபைலில எழுதி, சேர்விசையும் எனேபிள் பண்ணியாச்சு. கையால ஸ்ராட் பண்ணினால் ஒழுங்கா ஏறுது, பூட்டில மட்டும் ஏறுதில்லை.
– பருத்தித்துறை வாசகர்

பதில்: அருமையான பிழை, இதை ஒருத்தராவது கேக்கமாட்டினமோ எண்டு இருந்தனான். உங்கட ஃபைலில வெளிப்பக்கத்தை ஐஐஎஃப் எண்டு எழுதி பிபிபி சைபர் போட்டிருப்பியள். ஐஐஎஃப் எண்டால் அது ரூல் ஏறுற நேரத்தில அந்தப் பேருக்குரிய இலக்கத்தைத் தேடி எடுக்கும், ஆனா பூட் ஆகிற நேரம் டயல் இன்னும் நடக்கேல்லை, பிபிபி சைபர் எண்டு ஒண்டு உலகத்திலயே இல்லை. ஒரு வரி பிழைச்சால் என்எஃப்டேபிள்ஸ் முழு ஃபைலையும் எறிஞ்சிடும், பாதி ஏத்தாது. ஒரு ரூலும் இல்லாத பெட்டி எண்டால் எல்லாம் திறந்த பெட்டி, பிறகு டயல் பிடிச்சு வெளியில போய் நிக்குது. நீங்கள் போய்க் கையால ஸ்ராட் பண்ணேக்க பிபிபி சைபர் வந்திட்டுது, அதால ஏறுது.

ஐஐஎஃப்நேம் எண்டு மாத்துங்கோ, வெளியில போறதுக்கு ஓஐஎஃப்நேம். அது பேரை எழுத்தாகவே வைச்சுக்கொண்டு பக்கெற் வரேக்கத்தான் ஒப்பிடும், கார்ட் இருக்கோ இல்லையோ கவலை இல்லை. ஐபிடேபிள்ஸ் பாவிக்கிற ஆக்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஆனா அவை சேவ் பண்ண மறந்து அழுவினம், அதுக்கு ஐபிடேபிள்ஸ் பேர்சிஸ்டன்ற் எண்ட பாக்கேஜ் இருக்கு. மாத்தின பிறகு றீபூட் ஒண்டு அடிச்சு, நெற் வர முதலே ரூல் இருக்கோ எண்டு பாருங்கோ. 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்தில என்ட பெட்டி எத்தினை தரம் விழுந்தெழும்பினதெண்டு கணக்கில்லை, இந்த ஐஐஎஃப் விசயத்தை நான் படிச்சது அப்பதான்.

கேள்வி: சில சைற் நல்லாத் திறக்குது, சிலது சுத்திக்கொண்டே நிக்குது. ஃபயர்வோலை முழுசா எடுத்தாலும் அப்பிடித்தான். பழைய ரவுட்டரைப் பூட்டினால் எல்லாம் சரி.
– சாவகச்சேரி வாசகி

பதில்: தங்கச்சி, ஃபயர்வோல் மறிக்கிறதால இல்லை, ஃபயர்வோலில ஒரு வரி இல்லாததால. பிபிபிஓஈ ஒவ்வொரு பக்கெற்றிலும் 8 பைற் தனக்கெண்டு எடுக்கும், அதால 1500 போற இடத்தில 1492தான் போகும். வீட்டில இருக்கிற போனுக்கு அது தெரியாது. பெரிய பக்கெற் போகேலாட்டி "சின்னனா அனுப்பு" எண்டொரு ஐசிஎம்பி தகவல் வரவேணும், அதை நடுவில ஆரோ மறிச்சால் ரெண்டு பக்கமும் வாயைப் பாத்துக்கொண்டு நிக்கும். ஃபோர்வேர்டில ரிசிபி சின் (இணைப்பைத் தொடக்கிற) பக்கெற்றுகளுக்கு எம்எஸ்எஸ்ஸை (ஒரு பக்கெற்றில போகக்கூடிய தகவலின்ர அளவு) வழியின்ர எம்ரியூவுக்கு (முழுப் பக்கெற்றின்ர உச்ச அளவு) அளவாக் குறைக்கிற கிளாம்ப் வரி ஒண்டு போடுங்கோ, 1452ல வந்து நிக்கும். உங்கட பழைய ரவுட்டர் அதைக் கேக்காமலே செய்தது.

கேள்வி: சேர் ஐபிடேபிள்ஸ் படிப்பிக்கிறார், நெற்றில எல்லாரும் என்எஃப்டேபிள்ஸ் எண்டுறாங்கள். எதைப் படிக்கிறது?
– திருநெல்வேலியில இருந்து ஒரு கம்பஸ் மாணவி

பதில்: பிள்ளை, உங்கட சேர் பிழையில்லை, அடியில ஓடுறது ரெண்டுக்கும் கேர்னலில இருக்கிற நெற்ஃபில்ரர்தான். ஐபிடேபிள்ஸ் 2001ல லினக்ஸ் 2.4ஓட வந்தது, என்எஃப்டேபிள்ஸ் 2014 ஜனவரியில 3.13ல. டெபியன் 2019ல 10வது பதிப்போட என்எஃப்டேபிள்ஸை முன்னுக்கு வைச்சிட்டுது, ரவுட்டருக்கெண்டு செய்த லினக்ஸான ஓப்பின்டபிள்யூஆர்ரியும் 2022ல 22.03ஓட மாறிட்டுது. இண்டைக்கு புது டெபியனில நீங்கள் ஐபிடேபிள்ஸ் எண்டு அடிச்சாலும் அது உள்ளுக்க என்எஃப்டேபிள்ஸாத்தான் மாத்தி எழுதுது. புதுசாத் தொடங்கிறதெண்டால் என்எஃப்டேபிள்ஸ், பழைய ஸ்கிறிப்ற் வாசிக்கிற அளவுக்கு ஐபிடேபிள்ஸ். ஒரே பெட்டியில ரெண்டையும் கலக்காதேங்கோ. அதே பெட்டியில டொக்கரும் (புறோகிறாமுகளைத் தனித்தனியாப் பிரிச்சு ஓட்டுறது) போட்டு வைச்சால் அது தன்ர பாட்டில ரூல் செருகும், சிலநேரம் ஃபோர்வேர்ட் பொலிசியையும் டிறொப் ஆக்கும், பிறகு வீடு முழுக்க நெற் இல்லாமப் போய் உங்கட ஃபைலில பிழை தேடிக்கொண்டு இருப்பியள். ரவுட்டர் ரவுட்டராவே இருக்கட்டும்.

கேள்வி: என்ட ரூல் எல்லாம் சரியோ எண்டு லப்டொப்பில என்மாப் (திறந்த போர்ட்டைத் தேடிப் பாக்கிற புறோகிறாம்) போட்டு வெளி ஐபியை ஸ்கான் பண்ணினன், 22 திறந்திருக்கெண்டு காட்டுது. நான் லானுக்கு மட்டும்தானே திறந்தனான்?
– மானிப்பாய் வாசகர்

பதில்: அண்ணை, லப்டொப் எங்க இருந்தது? வீட்டு வைஃபையிலதானே. வீட்டுக்குள்ள இருந்துகொண்டு வெளி ஐபியைத் தட்டினாலும் அந்தப் பக்கெற் லான் கார்டாலதான் பெட்டிக்குள்ள வருது, லானில இருந்து வாறதை விடச் சொல்லி நீங்களே எழுதியிருக்கிறியள், அது விடுது. வெளியில போய் நிண்டுதான் படலையைத் தள்ளிப் பாக்கோணும். போனில வைஃபையை நிப்பாட்டி சிம் டேட்டாவில விட்டு, ஹொட்ஸ்பொட்டால லப்டொப்பை இணைச்சுப் பிறகு ஸ்கான் பண்ணுங்கோ. டிறொப் எண்டாலும் சாதாரண றிஜெக்ற் (மறுத்துத் தகவல் அனுப்புறது) எண்டாலும் என்மாப் ஃபில்ரேட் எண்டு காட்டும், ஒண்டும் ஓடாத போர்ட்டெண்டால் குளோஸ்ட் எண்டு வரும், ரெண்டும் நல்லதுதான், ஓப்பின் எண்டு வந்தால் மட்டும் யோசியுங்கோ.

ஐபிவி6ஐயும் (புது வகை நெற் விலாசம்) மறவாதேங்கோ. ஐபிடேபிள்ஸில எழுதினது ஐபிவி4க்கு மட்டும், ஐபி6டேபிள்ஸ் தனி, அதைத் தொடாமல் விட்டால் அந்தப் பக்கம் திறந்தபடி கிடக்கும். ஐபிவி4ல நாட் இருக்கிறதால உள்ள இருக்கிற சாமான் தற்செயலா மறைஞ்சு நிக்கும், ஐபிவி6ல ரீவிக்கும் பிறின்ரருக்கும் கூட உலகத்தில ஆரும் தட்டக்கூடிய சொந்த விலாசம், ஃபோர்வேர்ட் பொலிசியைத் தவிர மறைப்பு இல்லை. என்எஃப்டேபிள்ஸில ஐநெற் எண்ட ஃபமிலியில எழுதினால் ரெண்டுக்கும் சேத்து ஒரே ரூல். ஆனா ஐசிஎம்பிவி6ஐ ஒரேயடியா மூடிப்போடாதேங்கோ, பக்கத்துப் பெட்டியைக் கண்டுபிடிக்கிற வேலையே அதாலதான் நடக்குது, மூடினால் கொஞ்ச நேரம் ஓடி, பிறகு நிக்கும், நீங்கள் கேபிளை மாத்திக்கொண்டு இருப்பியள். ஸ்கானை ஐபிவி6 விலாசத்துக்கும் ஒருக்காப் போடுங்கோ, ரவுட்டரின்ர விலாசத்துக்கு மட்டுமில்லை, உள்ள இருக்கிற ரீவியின்ர விலாசத்துக்கும்.